படிப்படியாக விரியும் அட்டவணை

கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் ஆண்டறிக்கை ஒன்று கொடுக்கப்படுகிறது. முன்னுரையையும் நன்றியுரையையும் படிப்பவர் பலர். இடையிலுள்ள அட்டவணைகளைப் படிப்பவர் மிகச் சிலர். அங்கத்தினர்களுக்கு அக்கறையில்லை என்று இதற்குக் காரணம் கூறுவது வழக்கம். அது சரியன்று. நாள்தோறும் இழையை எண்ணி நெய்பவரும், மடைக்கு மடை நீரைக் கணக்கிட்டுப் பாய்ச்சுபவரும் எண்களுக்கு அஞ்சுபவர் அல்லர். அட்டவணை அவர்கள் படிக்கத்தக்கதாக அமைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

இக்கட்டுரை ஒரே வகை அட்டவணையைப் பற்றியது. ஜில்லா, அதனுள் தாலுகா, அதனுள் கிராமம் என்று ஒன்றனுள் ஒன்று அடங்கி நிற்கும் கணக்கை ஒரே பக்கத்தில் காட்டும் அட்டவணையைப் படிநிலை அட்டவணை எனலாம். ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்று வர்த்தக உலகம் பெயரிட்டழைக்கும் கணிப்பொறி அறிக்கைகளில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தவையே. பெயர் புதிது, விஷயம் புதிதன்று. கிராமக் கணக்கில் அடங்கலைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். சர்வே எண் வாரியாக எழுதப்பட்ட சாகுபடி கிராமத்திற்கு ஒரு தொகையாகி, பிர்க்காவுக்கு ஒரு தொகையாகி, தாலுகாவை அடைந்தது. ஒவ்வொரு படியிலும் கூட்டிப் பார்க்க ஒரு மனிதர் இருந்தார்.

நம் பிரதேசத்திலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளையும் பாசனப் பரப்பு 14,707 ஏக்கர். நீர் திறப்பு அறிவிப்புகளில் ஆண்டுதோறும் இந்த எண் வருவதால், வயலில் இறங்கும் சிறுவனும் இதனை அறிவான். இதனை முறையாக எழுதினால் இவ்வாறு அமையும்:

கம்பம் பள்ளத்தாக்கு, இருபோக நெல் (ஏக்கர்) — 14,707
　　உத்தமபாளையம் தாலுகா — 11,807
　　தேனி தாலுகா — 2,412
　　போடிநாயக்கனூர் தாலுகா — 488

நான்கே வரிகள்தாம். எனினும் இவ்வகை அட்டவணையின் நன்மை தீமைகள் யாவும் இந்நான்கு வரிகளுக்குள் இருக்கின்றன.

தாலுகாக்களின் பெயர்கள் வலப்புறம் சற்றுத் தள்ளி எழுதப்பட்டிருப்பதை முதலில் கவனிக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளி அலங்காரத்திற்காக விடப்பட்டதன்று. ‘இது மேலே உள்ளதன் பகுதி’ என்னும் செய்தியை ஒரு சொல்லும் எழுதாமலே அது தெரிவிக்கிறது. இடைவெளியை நீக்கி நான்கு வரிகளையும் ஒரே நேரில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அட்டவணையை வாங்கிய இன்னொரு குமாஸ்தா, பத்தியின் அடியில் கூட்டல் குறியிட்டு, நான்கு எண்களையும் கூட்டிவிடுவார். விடை 29,414 ஏக்கர். முழுதும் அதன் பகுதிகளும் சேர்த்துக் கூட்டப்பட்டதால் தொகை சரியாக இரு மடங்காகிவிட்டது.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. இப்பரப்பு இருபோக நிலம். முதல் போகத்தில் 14,707 ஏக்கரிலும், இரண்டாம் போகத்தில் அதே 14,707 ஏக்கரிலும் முழுமையாகப் பயிரிட்டால், ஆண்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பும் 29,414 ஏக்கர்தான்! ஆகவே பிழையாகக் கூட்டிய எண்ணைப் பார்க்கும் அதிகாரி, ‘இரு போகமும் சேர்த்துக் கூறியிருக்கிறார்கள் போலும்’ என்று சமாதானம் செய்துகொண்டு கையெழுத்திடுவார். உரமும் விதையும் அந்த எண்ணின்படி ஒதுக்கப்படலாம். ஒரு போகத்திற்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு கிடங்கில் வந்து இறங்கலாம். மறு ஆண்டு எவரோ பிழையைக் கண்டுபிடித்துப் பாதியாக வெட்டும்போது, உண்மையிலேயே இரு போகமும் சேர்த்து எழுதியிருந்த வேறொரு கணக்கும் சேர்ந்து வெட்டுப்படலாம். நிலத்தின் பரப்பு வேறு, சாகுபடியின் பரப்பு வேறு. முன்னது போகங்களைக் கடந்து கூட்டத்தகாதது, பின்னது கூட்டத்தக்கது. தலைப்பில் எது என்று எழுதாத அட்டவணையை எவரும் நம்பலாகாது.

எக்செல் என்னும் கணக்குப் பலகையைப் பயன்படுத்தும் சங்கங்களில் இப்பிழையைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. ‘சம்’ என்னும் கட்டளை தன் எல்லைக்குள் அகப்பட்ட எண்களையெல்லாம் கூட்டும். ‘சப்டோட்டல்’ என்னும் கட்டளையோ, அதே கட்டளையால் முன்னரே போடப்பட்ட இடைமொத்தங்களை விலக்கி, அடிப்படை எண்களை மட்டும் கூட்டும். பழைய பேரேட்டில் ‘ஆக’ என்று எழுதிய வரியை மறுபடி கூட்டாமல் தாண்டிச் சென்ற கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு இது ஒப்பானது. இடைமொத்தத்தைக் கையால் தட்டச்சு செய்து வைக்கும் பழக்கம் மட்டும் இருக்கக்கூடாது. அதனை எந்தக் கட்டளையும் அடையாளம் காணாது.

இத்தகைய அட்டவணைகளை விருப்பம்போல் விரிக்கவும் சுருக்கவும் திருப்பவும் செய்யும் கருவிகள் மிகப் பழமையானவை அல்ல. 1991-இல் லோட்டஸ் கம்பெனி வெளியிட்ட இம்ப்ரூவ் என்னும் மென்பொருள் இவ்வழியில் ஒரு முன்னோடி. பின்பு எக்செல் ஐந்தாம் பதிப்பில் ‘பிவட் டேபிள்’ வந்தது. 2015-இல் பவர் பி.ஐ. பொது உபயோகத்திற்கு வந்தபின், கூட்டல் குறியைத் தொட்டால் தாலுகா விரிந்து கிராமங்கள் தோன்றுவதும், கழித்தல் குறியைத் தொட்டால் அவை மறைவதும் அலுவலகங்களில் அன்றாடக் காட்சியாயின.

கூட்டுறவுத் துறைக்கு இது வெளியார் விவகாரம் அன்று. நம் கடன் அமைப்பே மூன்று படிகளால் ஆனது. கிராமத்தில் தொடக்கச் சங்கம், ஜில்லாவில் மத்தியக் கூட்டுறவு வங்கி, சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சங்கங்கள் பொதுவான ஒரு மென்பொருளில் கணக்கெழுதி, அது மேற்படிகளோடு இணைய வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆயினும் இதனால் ஒரு மாற்றம் நிகழ்கிறது. முன்பு ஒவ்வொரு படியிலும் ஒருவர் கூட்டினார். கூட்டும்போதே ‘இந்தச் சங்கத்தின் தொகை என்ன இவ்வளவு?’ என்று கேட்டார். இப்போது தொகை தானே மேலே போய்ச் சேருகிறது. கேள்வி கேட்கும் வேலை அட்டவணையைப் படிப்பவரிடம் வந்துவிட்டது. அவர் படிக்கும் அட்டவணை நேராக இருந்தாலன்றி அவ்வேலை நடைபெறாது.

இனி வரிசையைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. ஏனெனில், இதில்தான் பெரும்பாலோர் கவனமின்றி இருக்கிறார்கள். கணிப்பொறி, வேறு கட்டளை இல்லாதபோது, ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும். அதன்படி உத்தமபாளையம், கம்பம், கூடலூர், சின்னமனூர், பழனிச்செட்டிபட்டி, மார்க்கையன்கோட்டை, வீரபாண்டி என்று வரும். ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க இது சௌகரியமே. ஆனால் ஆறு அகர முதலாக ஓடுவதில்லை. நீர் வரும் வழியில் கூடலூர் முதலிலும், கம்பம் அடுத்தும், பின்பு உத்தமபாளையம், சின்னமனூர், மார்க்கையன்கோட்டை, வீரபாண்டி என்றும் வந்து, பழனிச்செட்டிபட்டியில் முடிகிறது. நீர் கிடைத்த நாட்களையோ விளைச்சலையோ இவ்வரிசையில் எழுதிப் பாருங்கள். தலைமடையிலிருந்து கடைமடை வரை எண்கள் படிப்படியாகக் குறைந்து சென்றால், பத்தியை மேலிருந்து கீழாகப் பார்த்த கண்ணுக்கே அது தெரிந்துவிடும். அகரவரிசையிலோ, கடைமடையான பழனிச்செட்டிபட்டி மார்க்கையன்கோட்டைக்கு மேலே போய் அமர்ந்துகொள்ளும். குறைவு சிதறி மறையும். எண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

தொகையின் பெருமையை வைத்து வரிசைப்படுத்துவது இன்னொரு முறை. கடன் நிலுவை போன்ற கணக்குகளுக்கு அதுவே தகும். அப்போதும் ஒவ்வொரு தாலுகாவுக்குள்ளும் கிராமங்களைத் தனித்தனியே வரிசைப்படுத்த வேண்டும். தாலுகா எல்லையைக் கலைத்து எல்லாக் கிராமங்களையும் ஒன்றாகக் குவித்தால் பிள்ளை தாயை விட்டுப் பிரிந்ததுபோல் ஆகும்.

சராசரிகளின் விஷயம் மேலும் அபாயகரமானது. விளக்கத்திற்காக, ஏக்கருக்கு உத்தமபாளையத்தில் 30 மூட்டை, தேனியில் 24 மூட்டை, போடியில் 18 மூட்டை விளைந்ததாக வைத்துக்கொள்வோம். இவை கற்பனை எண்கள். பரப்பு மட்டுமே உண்மை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 24 மூட்டை. பள்ளத்தாக்கின் சராசரி 24 என்று மொத்த வரியில் எழுதிவிடலாமா? எழுதினால் மொத்த விளைச்சல் 3,52,968 மூட்டை என்றாகும். தாலுகா தோறும் பரப்பைக் கொண்டு பெருக்கிக் கூட்டினாலோ 4,20,882 மூட்டை வருகிறது, சராசரி 28.6. வித்தியாசம் 67,914 மூட்டை. கொள்முதல் நிலையத்தில் சாக்கும் இடமும் அந்த 24-ஐ நம்பி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தால், அறுத்த நெல் களத்திலேயே கிடந்து மழைக்குக் காத்திருக்கும். 488 ஏக்கருக்கும் 11,807 ஏக்கருக்கும் சம வாக்கு அளித்ததே பிழை. மகாசபையில் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது நம் கொள்கை; சராசரி கணக்கிடுவதில் அக்கொள்கை செல்லாது.

பவர் பி.ஐ. போன்ற கருவிகளில், சராசரி முறையான அளவீடாக அமைக்கப்பட்டிருந்தால், மொத்த வரி மேலுள்ள வரிகளின் கூட்டலாகவோ சராசரியாகவோ வராமல், அடிப்படைக் கணக்கிலிருந்து புதிதாகக் கணக்கிடப்பட்டு வரும். இதனை அறியாதவர், ‘வரிகளைக் கூட்டினால் மொத்தம் பொருந்தவில்லையே’ என்று திகைத்து, சரியான எண்ணை அழித்துத் தவறான எண்ணை எழுதுவதும் உண்டு. ஆகையால் அந்த வரியில் ‘மொத்தம்’ என்று மட்டும் எழுதாமல், ‘பள்ளத்தாக்கின் சராசரி, பரப்புக்கு ஏற்ப’ என்று எழுதிவிடுவது நல்லது. நான்கு சொற்கள் ஒரு சச்சரவைத் தவிர்க்கும்.

விகிதங்களிலும் எதன் விகிதம் என்று கூறவேண்டும். உத்தமபாளையம் தாலுகாவில் ஒரு கிராமத்தின் பரப்பு 590 ஏக்கர் என்று கொண்டால், அது தாலுகாவில் 5 சதவீதம். பள்ளத்தாக்கில் 4 சதவீதம். இரண்டும் மெய். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் இரண்டும் பயனற்றவை. போடி தாலுகாவின் 488 ஏக்கர் மொத்தத்தில் 3.3 சதவீதம்தான். தொகையை மட்டும் நோக்கும் அறிக்கையில், ‘ஏனையவை’ என்ற வரிக்குள் அது தள்ளப்படும் நாள் தூரத்தில் இல்லை. அந்த 488 ஏக்கரை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அவர்களுடைய பரப்பு நூறு சதவீதம். சிறிய எண் என்பதற்காக ஒரு வரியை நீக்குவது, என் கருத்தில், அறிக்கை தயாரிப்பவரின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று.

வெற்றிடத்தையும் பூஜ்யத்தையும் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சங்கம் கடன் ஏதும் வழங்கவில்லை என்றால் அங்கே 0 வரவேண்டும். சங்கத்திலிருந்து கணக்கே வரவில்லை என்றால் ‘வரவில்லை’ என்று எழுதவேண்டும். இரண்டுக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடும் மென்பொருள் ஏராளம். மொத்த வரியின் அருகே ‘இத்தனை சங்கங்களில் இத்தனை சங்கங்களின் கணக்கு’ என்றிருந்தால், தொகை குறைந்தது வியாபாரம் குறைந்ததாலா, தபால் தாமதித்ததாலா என்று அங்கத்தினர் அறிவார்.

நெசவாளர் சங்கங்களின் கணக்கில் வேறொரு சிக்கல் உண்டு. நூல் கணக்கே படிநிலைக் கணக்குதான். 840 கெஜம் ஒரு சிட்டம். 40-ஆம் நம்பர் நூல் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம். பாவுக்கு எடுத்தது எவ்வளவு, ஊடைக்கு எடுத்தது எவ்வளவு என்று அதனைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், அளவு ஒன்றே. ஆனால் உற்பத்தியைப் பாருங்கள். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் போன்ற நெசவூர்களின் கணக்கில் சேலை எண்ணிக்கையில் வரும்; சட்டைத் துணி மீட்டரில் வரும்; துண்டு ஜோடியில் வரும். இவற்றுக்கு மேலே ‘துணி வகைகள்’ என்று ஒரு படி வைத்தால், கருவி கேட்காமலே மூன்றையும் கூட்டி ஒரு தொகையை அச்சிட்டுவிடும். அத்தொகை சேலையும் அன்று, மீட்டரும் அன்று. அளவுகள் வேறாக இருக்கும் படியில் ரூபாய் மதிப்புக்கு மட்டுமே மொத்தம் காட்டவேண்டும்; அளவுப் பத்தியில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இட்டுவிட வேண்டும்.

எல்லாக் கிளைகளும் ஒரே ஆழம் உடையவை அல்ல என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. நெல்லுக்குக் கீழே முதல் போகம், இரண்டாம் போகம் என்றும், ஒவ்வொன்றின் கீழும் ரகம் என்றும் படிகள் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குப் போகக் கணக்கு அவ்வாறு பொருந்தாது. பல மென்பொருள்கள் இல்லாத படிக்கும் ஒரு வெற்று வரியை உண்டாக்கி, அதே எண்ணை மூன்று முறை அச்சிடும். படிப்பவர் மூன்று வேறு தொகைகள் என்று மயங்குவார். அமைப்பவர் சற்று முயன்று அவ்வெற்று வரிகளை மறைத்துவிட வேண்டும்.

அடுத்து எழுத்தும் கோடும். எக்செல் பிவட் அட்டவணையில், எல்லாப் படிகளையும் ஒரே பத்தியில் உள்தள்ளி எழுதும் முறை ஒன்று. ஜில்லாவுக்கு ஒரு பத்தி, தாலுகாவுக்கு ஒரு பத்தி, கிராமத்திற்கு ஒரு பத்தி என்று தனித்தனியே பிரிக்கும் முறை மற்றொன்று. படிப்பதற்கு முன்னது சிறந்தது. பக்கத்தில் இடமும் மிச்சம். மறுபடி கணக்கிடவோ வேறு அலுவலகத்திற்கு அனுப்பவோ பின்னதே தகுதி. அப்போது ஒவ்வொரு வரியிலும் தாலுகாவின் பெயர் திரும்பத் திரும்ப வரும்படி செய்யவேண்டும். பார்வைக்கு அழகு குறைவுதான்; ஆனால் ஒரு வரியைத் தனியே வெட்டி எடுத்தாலும் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். பல கட்டங்களை ஒன்றாக இணைத்து நடுவில் பெயர் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுவதே மேல். அட்டவணையை வேறு விதமாக வரிசைப்படுத்த முயலும்போது அந்த இணைப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடும்.

எண்கள் வலப்புறம் ஒட்டி நிற்கவேண்டும். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து. வெளிநாட்டு அமைப்பில் விடப்பட்ட கணிப்பொறி 420,882 என்று காற்புள்ளி இடும். நம்மவர் 4,20,882 என்று படித்துப் பழகியவர்கள். லட்சம், கோடி முறைக்கு மாற்றும் வசதி எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது. மொத்த வரிக்குத் தடித்த எழுத்தும், இடைமொத்தத்திற்கு மேலே ஒரு மெல்லிய கோடும் போதும். படிக்கு ஒரு வர்ணம் பூசுவது திரையில் மலர்த் தோட்டம்போல் தோன்றும். சங்கத்தின் கறுப்பு வெள்ளை அச்சில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி, எண்ணே தெரியாமற் போகும்.

அச்சு என்றதும் கடைசியாகக் கூறவேண்டியது ஒன்றுண்டு. திரையில் கூட்டல் குறியைத் தொட்டால் கிராமங்கள் விரிகின்றன. அதே அட்டவணை சுருக்கிய நிலையில் அச்சாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டால், அந்தக் கூட்டல் குறி காகிதத்தில் உயிரற்றுக் கிடக்கும். ‘உத்தமபாளையம் தாலுகா 11,807’ என்ற வரியைப் பார்த்து நிற்கும் மார்க்கையன்கோட்டை விவசாயி, தம் ஊரின் எண் அதனுள் இருக்கிறதா, இருந்தால் சரியாக இருக்கிறதா என்று எவ்வாறு அறிவார்? ஆகவே ஒட்டுவதற்கென்று அச்சிடும் பிரதியில் கிராமப் படி வரை முழுவதும் விரித்திருக்க வேண்டும். பக்கம் இரண்டுக்கு மேற்பட்டால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பத்தித் தலைப்புகளும், முந்திய பக்கத்தில் தொடங்கிய தாலுகாவின் பெயரும் மறுபடி வரவேண்டும். இரண்டு தாள் கூடுதலாகச் செலவாகும். அடுத்த மகாசபைக்கு அறிக்கை தயாரிக்கும் காரியதரிசிகள் அதற்கு ஒப்புதல் கேட்டால், எந்த நிர்வாக சபையும் மறுக்கப்போவதில்லை.